நம்பர் பிளேட் வைத்த வீடு

“இன்னும் ஒரு சுத்து!” என்று மேலே கட்டிலிலிருந்து எம்மெட் கத்தினான்.

ஓபல் வீட்டுக்கு அடியில் மல்லாந்து கிடந்தாள். முதுகுக்குக் கீழே ராத்திரி பெய்த மழையின் சேறு. மூக்குக்கு ஒரு முழம் மேலே அவளும் புருஷன் எம்மெட்டும் குடித்தனம் நடத்தும் தரை. ஜாக்கியின் கைப்பிடியைப் பிடித்து இன்னொரு சுற்றுச் சுற்றினாள். சக்கரம் வைத்த அந்த டிரெய்லர் வீட்டின் பின்மூலை முனகிக்கொண்டே ஒரு விரற்கடை எழும்பியது.

“இப்ப?”

“என்னைக் கேக்காதே. பெர்னிஸைக் கேளு. அவதான் இன்னிக்கு என்ஜினீயர்.”

எம்மெட்டின் அக்கா பெர்னிஸ் உள்ளே சமையல் பகுதியில் முழங்காலிட்டிருந்தாள். தரையில் ஒரு பிளம் பழத்தை வைத்து, அது எந்தப் பக்கம் உருளுகிறது என்று பார்த்துச் சொல்வது அவளுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. ஓஹியோவிலிருந்து பஸ் மாறி மாறி வந்து இறங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தலையில் வைத்த தொப்பியை இன்னும் கழற்றவில்லை.

“கதவுப் பக்கம் உருளுது,” என்றாள், சபை நடுவே அறிக்கை வாசிக்கிற குரலில். “இதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேனா, எம்மெட்?”

“என்னைப் பாக்கத்தானே வந்தே? நான் உருண்டா சொல்லு.”

ஓபல் சேற்றில் கிடந்தபடியே சிரித்தாள். சிரித்த வேகத்தில் நெற்றி இரும்புச் சட்டத்தில் இடித்தது. அதற்கும் சிரிப்புத்தான் வந்தது.

மழையில் மூலைக்கட்டை புதைந்து வீடு பின்பக்கமாகச் சாய்ந்துவிட்டது. தலைமாடு தாழ்ந்தால் எம்மெட்டுக்கு மூச்சு முட்டும். இதயம் வீங்கிப் பெருத்துவிட்டது, இனி அது பழையபடி ஆகாது என்று டாக்டர் வசந்த காலத்திலேயே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அணை வேலைக்காரர்களின் டிரெய்லர் குடியிருப்பில் யாரைப் பார்த்தாலும் எம்மெட் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான்: “எனக்குப் பெரிய மனசுன்னு டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு. இனிமே ஒருத்தரும் சந்தேகப்படக் கூடாது.”

கடைசியில் பழம் நின்றது. பெர்னிஸ் அதை எடுத்துத் துடைத்துத் தட்டில் வைத்தாள். ஓபல் வெளிக்குழாயில் கையையும் கழுத்தையும் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள்.

“ஓபல், நான் சுத்தி வளைக்க மாட்டேன். அவனைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கேன். திங்கக்கிழமை வண்டி வரும், படுக்கை வச்ச வண்டி. ஏற்பாடு பண்ணிட்டேன்.”

“டாக்டர் அசைக்கவே கூடாதுன்னாரே.”

“அதுக்காக இங்கயா? அங்க பதினோரு ரூம் இருக்கு. அப்பா படுத்திருந்த ரூம் அப்படியே கிடக்கு. ஜன்னலைத் திறந்தா மேப்பிள் மரம். இங்க ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டுக்காரனோட உள்ளாடை.” பெர்னிஸ் குரலைத் தாழ்த்தினாள். “ஸ்ட்ரவுட் குடும்பத்துல இதுவரைக்கும் யாரும் நம்பர் பிளேட் வச்ச வீட்ல செத்ததில்ல.”

“காது கேக்குது பெர்னி,” என்று பின்ஜன்னலிலிருந்து எம்மெட்டின் குரல் வந்தது. “சுவரு தகரம்!”

ஓபல் குழாயை மூடினாள். கல்யாணமான நாளிலிருந்து எம்மெட் எந்த ஆற்றில் அணை கட்டினார்களோ அந்த ஆற்றங்கரைக்குக் கிரேன் ஓட்டப் போனான். வீடும் பின்னாலேயே போனது. அணை முடிந்தால் தட்டுகளைத் துணியில் சுற்றி அலமாரிக் கதவுகளைக் கயிறு போட்டுக் கட்டுவார்கள். அடுத்த ஆறு. டென்னஸி, டகோட்டா, இப்போது இந்த ஆர்கன்ஸா. வாழ்வதற்கு இந்த வீட்டில் ஒரு குறையும் இருந்ததாக அவளுக்குத் தோன்றியதில்லை. ஆனால் சாவதற்கு? அதற்கு ஒரு மரக்கட்டில், உயரமான கூரை, தாத்தா படங்கள் எல்லாம் வேண்டியிருக்குமோ என்னவோ. பெர்னிஸ் சொல்வதில் நியாயம் இருந்துவிடுமோ என்றுதான் அவளுக்குப் பயம்.

அன்று சனிக்கிழமை. சனிக்கிழமை சாயங்காலம் குடியிருப்பில் எல்லாருக்கும் ஒரே பந்தி. எந்த டிரெய்லர் அடுப்பிலும் ஒரு பண்டத்துக்கு மேல் செய்ய முடியாது என்பதால் ஆளுக்கு ஒன்று செய்து, மரநிழலில் பலகை போட்டுச் சேர்ந்து சாப்பிடுவார்கள். பக்கத்து டிரெய்லர் தெல்மா அன்று கெளுத்தி மீன் பொரிக்கிறாள். ஒரு கூடை பீச் பழத்தையும் கொண்டுவந்து ஓபலின் மேஜைமேல் இறக்கினாள்.

பழ வாசம் பின்கட்டுவரை போயிருக்க வேண்டும்.

“பெர்னி! அம்மா பீச் பழத்தை மாவுல பொதிஞ்சு வேகவைப்பாளே. அதைச் செய்.”

“உனக்கு உப்பு கூடாது, வெண்ணெய் கூடாது, சர்க்கரை கூடாது.”

“வாசம் கூடாதுன்னு எந்த டாக்டர் சொன்னான்?”

பெர்னிஸ் தொப்பியைக் கழற்றினாள். அதை வைக்க இடம் தேடிச் சுற்றிப் பார்த்தாள். கடைசியில் ரேடியோவுக்கு மாட்டினாள்.

அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் அந்த வீட்டில் நடந்தது சமையல் என்று சொல்ல முடியாது. ஓவன் கதவைத் திறக்க வேண்டுமென்றால் மேஜையை மடிக்க வேண்டும். மேஜையை மடித்தால் மாவு பிசைய இடமில்லை. பெர்னிஸ் மாவுச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து பிசைந்தாள். ஓபல் தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் பெர்னிஸ் எழுந்து நிற்க வேண்டியிருந்தது. தெல்மா உப்பு வாங்க வந்தபோது மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கடக்க முடியாமல் நடுவில் மாட்டிக்கொண்டார்கள்.

“யாராவது ஒருத்தர் வெளியே போங்க, அப்பத்தான் மத்தவங்க திரும்ப முடியும்,” என்றாள் தெல்மா.

“நீதான் கடைசியா வந்தே,” என்றாள் பெர்னிஸ்.

“நான்தாங்க கதவை அடைச்சுக்கிட்டு நிக்கிறேன். நான் அசையணும்னா நீங்க மூச்சை இழுத்துப் பிடிக்கணும்.”

பின்கட்டில் எம்மெட் சிரித்துச் சிரித்து இருமினான். அந்த வீட்டில் ஒருவர் புரண்டு படுத்தாலே மறுகோடியில் தொங்கும் கரண்டிகள் ஆடும். அவன் சிரித்த சிரிப்பில் கரண்டிகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன.

ஓஹியோவிலிருந்து பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்த அம்மாவின் தட்டு ஓவனுக்குள் நுழையவில்லை. பெர்னிஸ் அதை நேராக வைத்துப் பார்த்தாள், குறுக்கே வைத்துப் பார்த்தாள். பிறகு வாசற்படியில் வைத்து ஒரு காலால் மிதித்து விளிம்பை வளைத்தாள். “அம்மா மன்னிப்பாளாக,” என்று சொல்லி உள்ளே தள்ளினாள்.

வெந்து வந்தபோது நாலு மணியாகியிருக்கும். மேலே மாவு பொன்னிறமாக வெடித்து, பழச்சாறு ஓரத்தில் பொங்கிக் கருகியிருந்தது. ஓபல் எம்மெட்டின் முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார வைத்தாள். பெர்னிஸ் ஒரு கிண்ணத்தில் போட்டு ஊதி ஊதிக் கொடுத்தாள். கட்டில் ஓரத்திலும் சுவரிலும் இடித்துக்கொண்டு இரண்டு பெண்களும் அவன் வாயைப் பார்த்தார்கள்.

எம்மெட் ஒரு கரண்டி சாப்பிட்டான். கண்ணை மூடினான். இன்னொரு கரண்டி சாப்பிட்டான்.

“எப்படிடா?”

“அம்மா செஞ்சதைவிட மோசம்.”

பெர்னிஸ் தோளில் கிடந்த துணியை எடுத்து அவன் தலையில் ஒரு போடு போட்டாள். அறுபது வயதுத் தம்பியை எப்போது கடைசியாக அடித்தாளோ. எம்மெட் கையால் தலையை மறைத்துக்கொண்டு, “முதலாளி, பாத்துட்டே நிக்கிறியே! உன் புருஷனை அடிக்கிறா!” என்று ஓபலிடம் முறையிட்டான். மீசையில் பழச்சாறு வழிந்தது. அதைத் துடைக்கப் போன ஓபலின் விரலையும் நக்கிவிட்டான்.

பெர்னிஸ் மீதியை வெளியே பந்திக்கு அனுப்பிவிட்டு, அடிப்பிடித்த தட்டைச் சுரண்டப் போனாள். ஓபல் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். வெளியே ஆண்கள் லாடம் எறிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். இரும்புக் கம்பியில் லாடம் மோதும் ஓசை.

“யாரு ஜெயிக்கிறா?” என்றான் எம்மெட்.

ஓபல் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். “க்ளீட்.” தெல்மாவின் புருஷன் க்ளீட்டுக்கு அணையில் அடிபட்டு வலது கையில் மாவுக்கட்டு. இடது கையால் எறிந்துகொண்டிருந்தான்.

“கோட்டைத் தாண்டி நின்னு எறிவான். அவன் புத்தி எனக்குத் தெரியாதா. சொல்லு அவன்கிட்ட.”

ஓபல் தலையை வெளியே நீட்டினாள். “க்ளீட்! கோட்டுக்குப் பின்னாடி நில்லுன்னு எம்மெட் சொல்றார்!”

அங்கே ஒரே ஆரவாரம். “ஒத்தைக் கைக்காரனுக்கு ஒரு அடி சலுகை உண்டுன்னு சொல்லு!” என்று க்ளீட் கத்தினான்.

“ஒத்தைக் கைக்காரனுக்கு,” என்று ஓபல் சிரித்துக்கொண்டே திரும்பினாள்.

எம்மெட் தலையணையில் சாய்ந்திருந்தான். முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. பதிலைக் கேட்டுவிட்டு அதற்கு ஒரு மறுபதில் யோசிக்கிறவன்போல ஒரு புருவம் உயர்ந்திருந்தது. ஓபல் காத்திருந்தாள். வெளியே மறுபடி லாடம் மோதியது. அவள் அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சமையல் பகுதியில் கரண்டிகள் ஆடாமல் தொங்கின.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போனாள். பெர்னிஸ் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஓபலின் முகத்தைப் பார்த்ததும் துணியை மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள்.

“சிரிச்சுக்கிட்டேவா?” என்றாள்.

“ஆமா.”

“நான் அடிச்சேனே.”

“அதுக்குத்தான் சிரிச்சார்.”

அடக்க வேலை பார்க்கும் நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் கறுப்பு வண்டியில் வந்தார்கள். பெரியவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார். நடைவழியை அளந்து பார்த்தார். குளியலறைத் திருப்பத்தில் நின்று தலையைச் சொறிந்தார்.

“அம்மா, தப்பா நினைக்காதீங்க. ஆள் நல்ல உயரம். இந்தத் திருப்பத்துல தூக்குக்கட்டில் வராது. நிமித்தித்தான் கொண்டுபோகணும்.”

“நிமித்தின்னா?” என்றாள் பெர்னிஸ்.

“நிக்க வச்சு.”

“என் தம்பியை நிக்க வச்சா?”

வாசலில் கூடியிருந்தவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். ஓபல் கட்டிலைப் பார்த்தாள். டிரெய்லரோடு வந்த கட்டிலில் கால் நீட்ட முடியவில்லை என்று எம்மெட் தானே அடித்த கட்டில் அது. டகோட்டாவில் இருந்தபோது அதற்குப் பெரிய மெத்தை வாங்கி வந்தான். அதுவும் இந்தத் திருப்பத்தில்தான் மாட்டிக்கொண்டது. எம்மெட் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் பின்னால் போய் ஜன்னலையே கழற்றி மெத்தையை உள்ளே விட்டான்.

“ஜன்னலைக் கழட்டுங்க,” என்றாள் ஓபல்.

க்ளீட் சொல்லச் சொல்ல மற்றவர்கள் திருகாணிகளைக் கழற்றினார்கள். சட்டம் முழுசாக வெளியே வந்தது. மாலை வெயில் கட்டில்வரை விழுந்தது. வெளியே அணையில் அவனோடு வேலை பார்த்தவர்கள் இரண்டு வரிசையாகக் கை நீட்டி நின்றார்கள். தலைப்பக்கம் முதலில் போனது. கிரேன் தூக்கும்போது கீழே நிற்பவர்கள் சொல்வதுபோலவே ஒருவன், “மெதுவா... மெதுவா... விடு... இன்னும் விடு...” என்று பழக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தான்.

கால்பக்கத்தை பெர்னிஸ் பிடித்திருந்தாள். விடு என்று சொன்னார்கள். விடவில்லை. கட்டில்மேல் முழங்காலால் நகர்ந்து நகர்ந்து ஜன்னல்வரை வந்தாள். பிறகு பாதி உடம்பு வெளியேயும் வந்துவிட்டது. அங்கே பாவாடை எதிலோ மாட்டிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. தம்பியின் கணுக்கால்களைப் பிடித்தபடி ஜன்னலில் தொங்கினாள்.

க்ளீட் பணிவாகக் கேட்டான்: “அம்மா, நீங்களும் கூடவே போறதா உத்தேசமா?”

முதலில் தெல்மாவின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பெர்னிஸின் பாவாடையை விடுவிக்க உள்ளே போராடிக்கொண்டிருந்த ஓபலுக்கும் சிரிப்புக் கிளம்பிவிட்டது. அடக்க அடக்கப் பொங்கியது. “பெர்னிஸ், சிரிக்காதீங்க, நீங்க சிரிச்சா துணி இறுகுது,” என்றாள். அப்போதுதான் பெர்னிஸ் சிரிப்பது எல்லாருக்கும் தெரிந்தது. கண்ணீர் மூக்கு நுனிவழியாகத் தலைகீழாகச் சொட்ட, ஊர்த் தேவாலயத்தில் ஞாயிறுதோறும் ஆர்கன் வாசிக்கும் அந்தப் பெண்மணி ஜன்னலில் தொங்கிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். தூக்கிப் பிடித்திருந்தவர்களும் சிரித்ததில் எம்மெட்டும் கொஞ்சம் குலுங்கினான்.

மறுநாள் காலை பெர்னிஸ் படுத்திருந்த மடிப்புக் கட்டிலை மறுபடி மேஜையாக்கி, இருவரும் காப்பி குடித்தார்கள்.

“யோசிச்சுப் பாத்தேன்,” என்றாள் ஓபல். “நீங்க ஊருக்கே கொண்டுபோங்க. அப்பா அம்மா பக்கத்துல. நான் தடுக்கல.”

“அங்க யாரு வருவா?” என்றாள் பெர்னிஸ். “பாதிரியார் வருவாரு. என் வயசுல ஒரு பத்துப் பேரு வருவாங்க. அதுல பாதிப் பேருக்குக் காது கேக்காது. யாரைப் புதைக்கிறோம்னு என்கிட்டயே கேப்பாங்க.”

“ஆனா நீங்க சொன்னதுதான் சரி.”

“நான் சொன்னது என்னிக்குச் சரியா இருந்திருக்கு? வேணும்னா எம்மெட்டைக் கேளு.”

இருவரும் பின்கட்டைப் பார்த்தார்கள். கழற்றிய ஜன்னலை இன்னும் மாட்டவில்லை. காற்று வந்து போய்க்கொண்டிருந்தது. பெர்னிஸ் ஓபலின் கோப்பையை இழுத்து இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினாள்.

செவ்வாய்க்கிழமை, அணை தெரியும் மேட்டில் அடக்கம் செய்தார்கள். பாதிரியார் கடைசி வரியைச் சொல்லும்போதே தூறல் ஆரம்பித்துவிட்டது. எல்லாரும் ஓடி வந்தார்கள். மரநிழல் பலகைமேல் வைத்திருந்த பன்றித்தொடை, சோள ரொட்டி, உருளைக்கிழங்கு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஓபலின் டிரெய்லருக்குள் ஏறினார்கள். சோபாவில், மேஜைமேல், நடைவழியில், எம்மெட்டின் கட்டிலில், குளியல் தொட்டிக்குள்ளும்கூட ஆட்கள். தட்டுகள் தலைக்குமேல் கைமாறிப் போயின.

“இன்னும் ஒரு ஆள் ஏறினா டயர் வெடிக்கும்,” என்றான் க்ளீட்.

“நீ இறங்கினா நாலு பேருக்கு இடம் கிடைக்கும்,” என்றாள் தெல்மா.

ஒவ்வொருவரும் ஒரு எம்மெட் கதை சொன்னார்கள். மேஸ்திரியின் காரைக் கிரேனில் தூக்கிச் சாப்பாட்டு வேளை முழுக்க அந்தரத்தில் வைத்திருந்த கதையை, அந்த மேஸ்திரியே எழுந்து சொன்னான். மழை தகரக் கூரையில் கொட்டியதில் பாதி கேட்கவில்லை. கேட்காதவர்களும் சிரித்தார்கள்.

யாரோ க்ளீட்டின் அக்கார்டியனைக் கொண்டுவந்தார்கள். அவன் மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டினான். “துருத்தி இழுக்க ஒரு கை இருக்கு. கட்டை அமுக்க ஆளில்ல.”

ஓபல் பெர்னிஸைப் பார்த்தாள். பெர்னிஸ் வேறெங்கோ பார்த்தாள்.

“சபையில வாசிக்கிறதும் கட்டைதானே,” என்றாள் ஓபல்.

“அது படுத்திருக்கும். இது நிக்குது.”

“உங்க தம்பியைத்தான் நிக்க வைக்கக் கூடாது. இதை நிக்க வைக்கலாம்.”

பெர்னிஸ் க்ளீட்டின் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவன் துருத்தியை இழுத்தான். அவள் ஒரு விரலை வைத்துப் பார்த்தாள். முதலில் வந்தது பூனையை மிதித்த சத்தம். ஒரு குழந்தை அழுதது. அப்புறம் இருவருக்கும் மூச்சு ஒத்துப்போனது. சபைப் பாட்டு ஒன்று மெதுவாக வந்தது. க்ளீட் வேண்டுமென்றே வேகமாக இழுத்தான். பெர்னிஸ் முறைத்தாள், ஆனால் விரல்கள் பின்வாங்கவில்லை. இரண்டாவது சுற்றில் அது போல்கா நடனத்துக்கு வந்து சேர்ந்தது. ஆட இடமில்லாததால் நின்ற இடத்திலேயே எல்லாரும் குதித்தார்கள். வீடு படகுபோல ஆடியது. மேஸ்திரி ஓபலின் கையைப் பிடித்து அவள் நின்ற ஒரே சதுரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டான். சுற்றி முடித்து நின்றபோது கன்னம் நனைந்திருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தவர்கள் அவள் கையில் இன்னொரு ரொட்டித் துண்டை வைத்தார்கள்.

பொழுது சாய்வதற்குள் மழை விட்டு எல்லாரும் போய்விட்டார்கள். போனவர்கள் விட்டுப்போன தட்டுகளும் கிண்ணங்களும் சோபா உயரத்துக்குக் குவிந்திருந்தன. இருவரும் கழுவித் துடைத்தார்கள். ரோஜாப்பூ போட்டது யாருடையது, ஓரம் உடைந்தது யாருடையது என்று ஓபலுக்குப் பாதிதான் தெரிந்தது.

“கேட்டுக் கேட்டுக் குடுக்க வேண்டியதுதான்,” என்றாள் பெர்னிஸ். “என் பஸ்ஸு நாளைக்குக் காலையில.”

“இருங்களேன். அடுத்த சனிக்கிழமை பந்திக்கு நம்ம பங்கு என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல.”

பெர்னிஸ் தட்டுகளில் பாதியை எடுத்து நெஞ்சோடு அடுக்கிக்கொண்டாள்.

ஈரத் தரையில் மரச்சில்லு பரப்பிய பாதை வழியாக ஒவ்வொரு கதவாகப் போனார்கள். ஒவ்வொரு வீட்டிலும் விளக்கு ஏற்றியிருந்தார்கள். கதவைத் தட்டினால், “உள்ளே வாங்க, ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க,” என்றார்கள். உள்ளே போக இடமில்லாத வீடுகளில் வாசல்வழியே நீட்டினார்கள். தெல்மா மீன் கொடுத்தாள், மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து மூடி. மூலை வீட்டுக் கிழவர் ஊறுகாய் போட்ட வெள்ளரிக்காயைக் கிண்ணத்தோடு கொடுத்தார். யாருடையது என்று தெரியாத நீலத் தட்டை ஏழெட்டு வீட்டில் காட்டினார்கள். எங்களுடையது இல்லை என்று சொன்னவர்கள் எல்லாரும் அதில் ஏதாவது ஒன்றை வைத்தார்கள்.

சுற்றி முடித்து அவர்கள் திரும்பி நடக்கும்போது, எடுத்துப்போனதைவிட அதிகமான தட்டுகள் கையில் இருந்தன. இருவருக்கும் ஒரு கைகூடக் காலியில்லை. வாசற்படியில் பெர்னிஸ் முன்னால் ஏறி, இடுப்பால் கதவைத் தள்ளித் திறந்து, ஓபல் உள்ளே வருவதற்காக ஓரமாக ஒதுங்கி நின்றாள்.